நீலச்சிறகிகள் வந்த தசரா லீவு

அக்டோபர் 3, வெள்ளி

இரவெல்லாம் தூறல். விடியும்போது நின்றது. பழைய தங்கச் சுரங்கம் கொட்டிய சயனைடு மேடுகளின் உச்சி மேகத்துக்குள். வீட்டுக்காரர் சேகரைக் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூரு வண்டிக்கு இறக்கிவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே ஏரிக்கு. லீவில் இது ஒன்றுதான் சுகம். கணக்கு நோட்டு இல்லை, பெல் இல்லை, "டீச்சர், இவன் கிள்ளுறான்" இல்லை.

வந்துவிட்டன. நீலச்சிறகிகள், வலசை வரும் வாத்துகள்! கோரைக்கு அப்பால் தண்ணீரில் பழுப்பாக ஒரு திட்டு. லென்ஸில் பார்த்தால் திட்டு முழுக்கத் தலைகள். கண்ணுக்கு மேல் அந்த வெள்ளைக் கோடு. போன வருடம் இதைவிடத் தாமதம். அவசரத்தில் முதல் சில படங்கள் வீண்.

பார்த்தவை:
நீலச்சிறகி – எண்ண முடியவில்லை
புள்ளிமூக்கு வாத்து (இனி பு.வா.) – நிறைய
நாமக்கோழி, முக்குளிப்பான் – வழக்கம்போல
பாம்புத்தாரா – ஒன்று, பட்ட மரத்தில், இறக்கையைக் காயவைத்துக்கொண்டு
விரால் அடிப்பான்? – தூரம். சந்தேகம். சேர்க்கவில்லை.

எதிர்க்கரையில் தம்பி அசோகனின் கோழி ஷெட். நீலக் கூரை. தீவன மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்துக் கை ஆட்டினான். லென்ஸில் அவன் சிரிப்புகூடத் தெரிந்தது. எத்தனையோ வருடம் ரயிலில் பெங்களூரு போய் வந்தவன். இருட்டில் போய் இருட்டில் திரும்புவது. இந்த வருடம்தான் விட்டான். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும், வளர்த்துக் கொடுத்தால் கூலி. இது இரண்டாவது பேட்ச். ஷெட் போட்ட அன்று சொன்னது: "இனிமே பொண்டாட்டி மூஞ்சிய வெளிச்சத்துல பாக்கலாம்க்கா." ஷீலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கரையில் நடக்க வந்த இரண்டு பேர், என்னைத் தாண்டும்போது: "இன்னாத்துக்குப்பா இந்தம்மா தெனமும் குந்திக்கினு கீது?" "யூடியூப்பா இருக்கும்."

நல்லதாக ஒரு படம் வாட்ஸாப் பறவைக் குழுவில் போட்டேன். நீலச்சிறகிகள் வரிசையாக, பின்னால் மேகம். மத்தியானத்துக்குள் நிறையக் கைதட்டல். கொஞ்சம் கர்வம். எழுதிவைப்பதில் என்ன வெட்கம்.

ரசப்பொடி தீர்ந்தது. கேஸ் பதிவு செய்ய வேண்டும்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில், சேற்றோரம், ஒரு பு.வா. அலகு தரையில். கழுத்து கழற்றி வைத்தது மாதிரி. தூக்கமா? வாத்து தூங்கினால் தலையைத் திருப்பி முதுகில் செருகிக்கொள்ளும். இப்படி இல்லை.

அக்டோபர் 4, சனி

வெயில். புழுக்கம். அக்டோபர் மாதிரியே இல்லை.

அந்தப் பு.வா. செத்துக் கிடந்தது, அதே இடத்தில். கரையோரம் நடந்தேன். இன்னொன்று. கோரைக்குள் நாமக்கோழிகள் மூன்று. ஒரு நீலச்சிறகியும். எத்தனை நாடு தாண்டி வந்தது, வந்து இரண்டு நாள் ஆகியிருக்குமா?

உயிரோடு இருந்ததுதான் மோசம். ஒரு பு.வா. கரைக்கு வரப் பார்க்கிறது. கால் வேலை செய்யவில்லை. இறக்கையால் துடுப்பு மாதிரி தண்ணீரைத் தள்ளித் தள்ளி நகர்கிறது. தலை தண்ணீரில் விழுகிறது. தூக்குகிறது. விழுகிறது. கடைசியில் தூக்கவில்லை. நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். விரல் நின்றது அது நின்ற பிறகுதான்.

மீன் பிடிக்கும் வெங்கட்டப்பா பரிசலில் வந்தார். காலடியில் சாக்கு, சாக்குக்குள் வாத்துகள்.

"இன்னா டீச்சரம்மா, வெறும் படந்தானா? ரெண்டு எடுத்துக்கினு போங்க. ஓடவே மாட்டேங்குது, கையாலயே புடிச்சேன்."

"சீக்கு வந்ததுங்க இது. சாப்புடாதீங்க, வெங்கட்டப்பா."

"நேத்தே சாப்ட்டோமே. மசாலா தூக்கலா போட்டா எந்தச் சீக்கு நிக்கும்?"

எவ்வளவு சொல்லியும் சாக்கைக் கீழே வைக்கவில்லை. பரிசலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

செத்த நாமக்கோழி மேல் காக்கைகள். ஒன்று துண்டைக் கவ்விக்கொண்டு பறந்தது. பழக்கத்தில் லென்ஸால் பின்தொடர்ந்தேன். ஏரியைக் கடந்தது. நீலக் கூரை மேல் உட்கார்ந்தது. லென்ஸை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

பறவைக் காய்ச்சல். இந்த இரண்டு வார்த்தையை வீடு வரும்வரை மனசுக்குள்கூட முழுதாகச் சொல்லவில்லை. செய்தியில் பார்த்திருக்கிறேன்: வெள்ளை உடுப்பு ஆட்கள், குழி, சுண்ணாம்பு. நோய் கண்ட இடத்தைச் சுற்றி இருக்கும் கோழி அத்தனையும் போகும்.

சேகருக்கு போன். அவர் ஷிஃப்டில், பின்னால் மெஷின் சத்தம்.

"கால்நடை ஆஸ்பத்திரிக்கு சொல்லணும்," என்றேன்.

"கொஞ்சம் இரு. அவசரப்படாத. அசோகன் ஷெட் அங்க இருக்குது, தெரியுந்தானே?"

"தெரியாமலா சொல்றேன்?"

"மொதல்ல அவன்கிட்ட பேசு. யார்கிட்டயும் நீயா போய்ச் சொல்லாத."

சொல்லவில்லை. சோப்பு போட்டு மூன்று தடவை கை கழுவினேன். செருப்பையும்.

அக்டோபர் 5, ஞாயிறு

புத்த விஹாரில் கூட்டம். போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

காலையில் அசோகன் வந்தான். தனியாக. இட்லி வைத்தேன், தொடவில்லை.

"ஷீலா எங்க?"

"ஜுரம். ரெண்டு நாளா. ஒடம்பெல்லாம் வலின்றா."

ஷெட்டைக் கூட்டுவது ஷீலா. செத்த கோழியை எடுத்துப் போடுவதும் அவள்தான், வெறுங்கையால்.

"கோழிங்க?"

"சாவும்க்கா. எந்தப் பேட்ச்ல சாவாம இருக்குது? ஈரம்." இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு: "நேத்து கொஞ்சம் அதிகம்."

வாத்துகளைப் பற்றிச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் பக்கக் கரையிலும் கிடக்கின்றனவாம்.

"புதன்கிழம கம்பெனி வண்டி வருது, கோழி ஏத்த, லிஃப்டிங். மூணே நாளு. அது வரைக்கும் வாயத் தொறக்காத. வண்டி போனதும் நீ யாருக்கு வேணா சொல்லு, நானே உன்கூட வரேன்."

"ஷீலாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

"போறேன். நீ சொல்லாத."

"ம்."

ம் என்றேன். எழுதிவைக்கிறேன்: நான் ஒப்புக்கொண்டேன். மூன்று நாள்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தக் கோழிகள் எந்த ஊருக்கெல்லாம் போகும் என்று கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொள்ள முடியாது.

அவன் போனதும் போனை எடுத்தால், பறவைக் குழுவில் மைசூர்க்காரர் ஒருவரின் கேள்வி. வெள்ளிக்கிழமை படத்தை வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். இடது மூலை. "இந்த வாத்துக்குக் கழுத்து ஏன் இப்படி? மேடம், ஏரியில் வேறு ஏதாவது செத்துக் கிடக்கிறதா?" அதன் கீழே இன்னும் பலர். ஒருவர் வேறு குழுக்களுக்கும் அனுப்பிவிட்டாராம், "எச்சரிக்கையாக".

படத்தை நீக்கினேன். பிரயோஜனம் இல்லை. பதில் போடவில்லை.

சேகரின் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். ஊசி இரண்டு முறை விரலில்.

அக்டோபர் 6, திங்கள்

நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

சேகரை ஸ்டேஷனில் விட்டுவிட்டு ஏரி. போகக் கூடாது என்றுதான் கிளம்பினேன். ஸ்கூட்டர் தானாக அங்கே திரும்பியது. மங்கல் வெளிச்சம். செத்தவை கூடியிருந்தன. நீலச்சிறகிகள் எழும்பி எழும்பி வேறு இடத்தில் இறங்கின, அமைதியாக இல்லை. கோரைக்கு மேல் தாழப் பறந்த சேற்றுப் பூனைப்பருந்தை லென்ஸில் பிடித்துக்கொண்டே போனேன். அது எதிர்க்கரைக்குப் போயிற்று. அங்கே ஷெட் வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி, பின்பக்கமாக நின்றுகொண்டிருந்தது. கம்பெனி வண்டி இல்லை. கம்பெனி வண்டி பெரியது. இன்றைக்குப் புதனும் இல்லை.

கூண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. அசோகன் ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம். நெருக்கி அடைத்த ஒரு கூண்டு, உள்ளே வெள்ளையாகக் கோழிகள். அசோகனின் முகம் தெளிவாகத் தெரிந்தது. பருந்துக்காக வைத்த விரல் ஷட்டரில் இருந்தது. அழுத்தினேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

கரை மேலேயே ஸ்கூட்டரை ஓட்டினேன். சேற்றில் ஒரு முறை சாய்ந்தது.

"நீ இன்னாத்துக்கு வந்த?" அசோகன்.

"எங்க போவுது இது?"

டிரைவரைப் பார்த்து, "நீ ஏத்துப்பா," என்றான்.

"எங்க போவுதுன்னு கேட்டேன், அசோகா."

"பஜாருக்கு. ஆண்டர்சன்பேட்ட கடைங்களுக்கு. போதுமா? நேத்து சூப்பர்வைசர் போன் பண்ணான். ஏரில வாத்து சாவுதாமே, போட்டோ பாத்தேன்றான். யார் எடுத்த போட்டோ அது? புதன்கிழம வண்டி வராதாம், மேல பேசிட்டு சொல்றானாம். கவர்மெண்டு ஆளு வந்தா குழி தோண்டி மொத்தத்தையும் மூடிட்டுப் போவான். அப்புறம் நான் மறுபடி நாலு மணிக்கு எழுந்து ரயிலுக்கு ஓடணும். ஓடட்டுமா? சொல்லு."

"இது உன் கோழிகூட இல்ல, கம்பெனி கோழி."

"செத்தா மட்டும் என் கோழி."

"ஷீலாவுக்கு ஜுரம். உன் ஷெட்ல சாவுது. இத வாங்கிக்கினு போய் வீட்டுக்கு வீடு கழுவி, நறுக்கி..."

"ஷீலாவுக்கு ஜுரம்னு எனக்குத் தெரியாதா!"

கத்தினான். உள்ளே ஷெட்டில் கோழிகள் ஒரே நேரத்தில் அடங்கிப் பிறகு மறுபடி இரைந்தன.

டிரைவர் கூண்டைப் பாதியில் இறக்கினார். "இன்னாண்ணா, கோழிக்கு சீக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. எனக்கு வூட்ல சின்னச் சின்னதா ரெண்டு இருக்குதுங்க." கையைச் சட்டையில் துடைத்தார், பிறகு சட்டையையே பார்த்தார். ஏற்றியதையெல்லாம் அவரே இறக்கினார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அசோகன் என் கழுத்திலிருந்து கேமராவைப் பிடுங்கினான். ஏரியில் எறிவான் என்று நினைத்தேன். எறியவில்லை. பின்பக்கத் திரையைத் தட்டினான். அவன் முகமே வந்தது, கையில் கூண்டோடு.

"இதையும் அனுப்பிட்டியா?"

"இல்ல."

"அனுப்புவியா?"

வாங்கி, அவன் பார்க்கவே அழித்தேன். ஆனால் பிறகு போனை எடுத்தேன். கால்நடை ஆஸ்பத்திரி நம்பர் சனிக்கிழமையே சேமித்து வைத்திருந்தேன். அவன் எதிரிலேயே பேசினேன். வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். அவனுக்குத் தெரியாமல் பேசுவது வேறு மாதிரி என்று தோன்றியது. ஏரி பெயர், செத்தவை எத்தனை, எந்தெந்தப் பறவை, எப்போதிலிருந்து. "பக்கத்தில் பண்ணை ஏதாவது?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"இருக்கு. என் தம்பியோடது."

அசோகன் கூண்டுகளைத் திறந்து கோழிகளை ஷெட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தான். தூக்கி எறியவில்லை. ஒவ்வொன்றாகத்தான் விட்டான். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

டாக்டர் சவிதா. சின்ன வயசு. கன்னடக்காரர், தமிழ் கொஞ்சம் வரும். வெள்ளை உடுப்பு, கையுறை, கண்ணாடி. செத்த நீலச்சிறகியைத் தொட நான் குனிந்ததும், "முட்டபேடி மேடம், முட்டபேடி!" என்று கத்தினார். தொடாதே என்று. அதற்குப் பிறகு எனக்கும் ஒரு ஜோடி கையுறை.

கழுத்தைத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் விழுந்தது. காலை மடக்கிப் பார்த்தார். அலகைத் திறந்து பஞ்சுக் குச்சி. ஒவ்வொன்றும் பையில், பை இன்னொரு பையில், ஐஸ் பெட்டியில். பெங்களூரு லேபுக்கு.

"அதுதானா?" என்றேன்.

"சொல்ல முடியாது மேடம். லேப் சொல்லணும்."

ஷெட்டிலும் எடுத்தார்கள். அசோகன் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில். என் பக்கம் திரும்பவில்லை. முடிவு வரும்வரை ஒரு கோழி வெளியே போகக் கூடாது, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. வாசலில் கயிறு, சுண்ணாம்பு, கன்னடத்தில் ஒரு அட்டை.

ஷீலாவை டாக்டரின் ஜீப்பிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தனி ரூம், தொண்டையிலும் ரத்தத்திலும் டெஸ்ட். ஏறும்போது என்னைப் பார்த்தாள். "அண்ணி, கொடியில துணி காயுது, எடுத்து வச்சிடுங்க."

எடுத்து வைத்தேன். அவள் புடவை, அவன் லுங்கி, இரண்டு துண்டு. கயிற்றுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். அவன் வரவில்லை. கயிற்றின் மேலேயே மடித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 8, புதன்

லிஃப்டிங் நாள். வண்டி வரவில்லை.

கேஸ் வந்தது.

வெங்கட்டப்பா வீட்டுக்கே வந்துவிட்டார், மனைவியோடு. வாசலிலேயே நின்றார்கள்.

"டீச்சரம்மா, நான் செத்துடுவேனா? உண்மைய சொல்லுங்க. இவ வேற குழம்பு மீந்ததுன்னு மறுநாளும் சாப்ட்டா."

"ஜுரம் இருக்குதா? இருமல்?"

"ஒண்ணும் இல்ல. ராத்திரி தூக்கம் மட்டும் இல்ல."

டாக்டர் சவிதாவுக்கு போன் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கன்னடத்தில் பேசினார். தினமும் ஆள் வந்து பார்ப்பார்களாம். போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் பின்வாங்கிவிட்டாள். அவளுக்கு என் மேல் பயமா, தன் மேலேயா?

மாலை பஜார். கறிக்கடைகளில் ஈ. ஒரு கடைக்காரர் நான் கேட்கட்டும் என்றே பக்கத்துக் கடையிடம்: "இவங்க தம்பி பண்ணையாம். இவங்களே போன் பண்ணாங்களாம். வெளங்குமா அந்தக் குடும்பம்?" கொத்தமல்லி வாங்காமலே திரும்பினேன்.

சேகர் ராத்திரி வந்து ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ரயிலில் இதே பேச்சாம். "நான் அவசரப்படாதன்னு சொன்னேன்," என்றார். பிறகு, "ஆனா அந்த வண்டி பஜாருக்குப் போயிருந்தா..." செருப்பைக் கழற்றினார்.

அக்டோபர் 9, வியாழன்

டாக்டர் சவிதா காலையில் கரையில் உட்கார்ந்து ஒரு குச்சியால் செத்த பு.வா.வின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். புழு. கொத்துக் கொத்தாக.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். இது காய்ச்சல் மாதிரி இல்ல. கால் போகுது, கழுத்து போகுது, ஆனா முழிப்பு இருக்கு பாருங்க." கோடையில் கரையில் முளைத்த செடியெல்லாம் இப்போது மழைத் தண்ணீரில் மூழ்கி அழுகுகிறது. வெயிலும் சேர்ந்தால் சேற்றில் ஒரு விஷம் உண்டாகும். ஒரு பறவை சாகும். அதில் புழு வைக்கும். புழுவுக்குள் விஷம். புழுவைத் தின்று அடுத்த பறவை. "ஆனா இதை நான் சொன்னேன்னு வெளியே சொல்லாதீங்க. லேப் சொல்லட்டும்."

எதுவாக இருந்தாலும் செத்தவற்றை எடுத்தாக வேண்டும். நகராட்சி ஆட்கள் இரண்டு பேர்தான் வந்தார்கள். நானும் கையுறை, முகமூடி, கம் பூட்ஸ். கேமரா வீட்டில். முழங்கால் சேற்றில் கோரைக்குள் துழாவித் துழாவி எடுத்தோம். பைக்குள் போடும்போது ஒரு நீலச்சிறகியின் இறக்கை விரிந்தது. உள்ளே அந்த நீலம், சாம்பல் கலந்த நீலம். இதைப் பறக்கும்போது படம் பிடிக்க எத்தனை காலை வீணாக்கியிருக்கிறேன். இப்போது கையில் அசையாமல்.

எதிர்க்கரையில் அசோகனும் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் கரை வரைக்கும் வரலாம் என்று அனுமதியாம். அவன் பக்கம் அவன். என் பக்கம் நான். நடுவில் ஏரி.

மத்தியானம் அவன் தலையைத் தூக்கிப் பார்த்த மாதிரி இருந்தது. கை ஆட்டலாமா என்று யோசிப்பதற்குள் குனிந்துவிட்டான்.

அக்டோபர் 10, வெள்ளி

ஆஸ்பத்திரி. ஷீலாவைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்துதான் பார்க்கலாம். ஜுரம் ஏறியிருக்கிறது. கையில் ட்ரிப்ஸ். கண்ணைத் திறந்தாள், என்னை அடையாளம் தெரிந்ததா தெரியவில்லை. நர்ஸ்: "ரிப்போர்ட் வரட்டும் அக்கா." எங்கே போனாலும் இதே வார்த்தை.

அசோகன் ஷெட்டை விட்டு வர முடியாது. அவனுக்கு அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன்: "ஜுரம் இருக்கு. பேசறா. சாப்பிட்டா." பேசவில்லை, சாப்பிடவுமில்லை. பொய். நீல டிக் வந்தது.

அக்டோபர் 11, சனி

ஷீலாவுக்கு டெங்கு. டெங்குதான். தொண்டை டெஸ்ட் நெகட்டிவ். டெங்கு என்று கேட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன் என்றால் யார் நம்புவார்கள்? நர்ஸ் ஒரு மாதிரி பார்த்தாள். தட்டணுக்கள் குறைவு, இரண்டு நாள் கவனிக்க வேண்டும், ஆனால் தனி ரூம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தேன்.

"அவரு சாப்புடறாரா, அண்ணி?"

"சாப்புடறான்."

"உங்ககூட பேசறாரா?"

கஞ்சியை ஆற்றினேன்.

அசோகனுக்கு நான் சொல்லவில்லை. போனை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். கதவுக்குள்ளிருந்து அவள் சொல்வது கேட்டது: "அழாதிங்க. அட, டெங்குதான்றேன். கொசுதான்."

ஏரியில் இன்று புதிதாகச் செத்தவை குறைவு. மழை இல்லை. காற்று மாறியிருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

டாக்டர் சவிதாவே போன். முதலில் குரல் கேட்கவில்லை, சிக்னல். மாடிக்கு ஓடினேன்.

நெகட்டிவ். வாத்தும் நெகட்டிவ், கோழியும் நெகட்டிவ். பறவைக் காய்ச்சல் இல்லை. அவர் நினைத்த அந்த விஷம்தான். கோழி செத்தது ஈரத்தில் வந்த சளி. "உங்க பிரதருக்கும் சொல்லிட்டேன் மேடம். கயிறு எடுக்கச் சொல்லிட்டேன்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தெருமுனையில்: "ஒண்ணுமில்லாததுக்கு ஊரையே கூட்டிட்டாங்க." பஜாரில் அதே கடைக்காரர், இப்போது சத்தமாகவே: "இன்னா டீச்சர், கொழம்பு வைக்கலாமா இப்ப?" கோழி ஒரு கிலோ வாங்கினேன். சேகருக்குப் பிடிக்கும்படி மிளகு போட்டு வைத்தேன். இருவரும் சாப்பிட்டோம்.

"நீ பண்ணது தப்பில்ல," என்றார் சேகர், எலும்பை வைத்துவிட்டு.

"நெகட்டிவ் வந்ததால சொல்றீங்களா?"

"இல்ல." யோசித்தார். "தெரியல."

அக்டோபர் 14, செவ்வாய்

ஷீலா நாளை வீட்டுக்கு வருகிறாள். அவர்கள் வீட்டைப் பெருக்கி, அரிசி, பருப்பு வாங்கி வைத்தேன். அசோகன் ஷெட்டில். சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏரி. இன்று கேமராவோடு. செத்தது ஒன்றே ஒன்று, பழையது. நீலச்சிறகிகள் மறுபடி கோரையோரம் திரண்டிருக்கின்றன. விரால் அடிப்பான் உறுதி: தண்ணீரில் விழுந்து மீனோடு எழும்பியது, மூன்று படம், ஒன்று கூர்மை. குழுவில் போடவில்லை.

நாளைக்குக் கம்பெனி வண்டி என்று வெங்கட்டப்பா சொன்னார். போகலாமா வேண்டாமா?

அக்டோபர் 15, புதன்

போனேன்.

பெரிய வண்டி. பிடிக்கும் ஆட்கள் நான்கு பேர், காலைப் பிடித்துத் தலைகீழாக, கைக்கு நான்கு ஐந்து கோழி. எடை போடும் ஆள், சூப்பர்வைசர். கோழிகள் வளர வேண்டியதற்கு மேல் வளர்ந்துவிட்டன. சூப்பர்வைசர் முகம் சரியில்லை. ஏரியோரம் என்பதால் குளிர் போகும்வரை குஞ்சு தர மாட்டார்களாம். அசோகன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். எதிர்த்துப் பேசவில்லை. அப்படியென்றால் மறுபடி ரயில்தான்.

ஷெட் நிழலில் நின்றேன். யாரும் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்தான். குடித்தான். போவான் என்று பார்த்தால் நின்றான். தாடி வளர்ந்திருக்கிறது. என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நெகட்டிவ்னு வந்ததும் எல்லாரும் போன் பண்றாங்க. தப்பிச்சிட்டடான்றாங்க. எனக்கு சந்தோஷமே வரலக்கா."

"ஏன்?"

"அன்னிக்கு எனக்கு அது தெரியாதில்ல. அதான் வந்துருக்குதுன்னு நெனச்சேன். ஷீலாவுக்கும் அதான், அவ செத்துடுவான்னு நெனச்சேன். நெனச்சுக்கினேதான் வண்டில ஏத்தினேன்." தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். "நெனச்சுக்கினே ஏத்தினேன்க்கா."

உனக்கு வேறு வழி இல்லை என்று சொன்னால் பொய். நீ செய்தது தப்பு என்பதை அவனே சொல்லிவிட்டான். தோளைத் தொட்டேன். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. விலகவில்லை.

எடைக்காரர் கூப்பிட்டார். போனான். ஒரு கூண்டைத் தனியாகத் தூக்கப் பார்த்தான், ஒரு பக்கம் சாய்ந்தது. போய் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

"பாத்து," என்றான். "கதவுல வெரல் மாட்டிக்கும்."